இழைப்பு இயந்திரம்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா? அறிகுறி வாரியான வழிமுறை

ஒரே உடலில் மேல்பரப்பு இழைப்பு, தடிமன் இழைப்பு, வட்ட ரம்பம் ஆகிய மூன்றும் அமைந்த 12 அல்லது 13 அங்குலக் கூட்டு இயந்திரம் நம் ஊர் மரப்பட்டறைகளில் பரவலாக இருக்கிறது. இந்த வழிமுறை அதை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தனி இழைப்பு இயந்திரம் வைத்திருப்பவர்கள் ரம்பப் பகுதியை விட்டுவிட்டு மற்றதை அப்படியே பின்பற்றலாம்.

முடிவெடுக்கும்போது ஒரு பிரிவினையை மறக்கக்கூடாது. மோட்டார், ஸ்டார்ட்டர், பெல்ட், பேரிங், பிளேடு ஆகியவை எல்லாம் கடையில் கிடைக்கும் பொருள்கள். அவை எத்தனை முறை கெட்டாலும் அதனால் இயந்திரம் கெட்டுவிட்டதாகாது. வார்ப்பிரும்பு மேசைகளும் உடலும், பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் கட்டர் பிளாக்கும் அதன் ஷாஃப்டும் மட்டுமே அந்த இயந்திரத்துக்கு உரியவை. பழுது முதல் வகையில் இருந்தால் பழுது பார்க்க வேண்டும். இரண்டாம் வகையில் இருந்தால்தான் மாற்றும் கேள்வியே எழுகிறது. காயில் இரண்டு முறை எரிந்தது என்பதற்காக நல்ல வார்ப்பிரும்பை எடைக்குப் போட்டுவிட்டுத் தகட்டு உடல் கொண்ட புதிய இயந்திரத்தை வாங்கி வந்தவர்களும் உண்டு. ஷாஃப்டில் பேரிங் நிற்காத இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் பேரிங் வாங்கிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு.

தொடங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கேரியரைக் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் வேறு ஆள் இருந்தால் இது கட்டாயம். தேவைப்படும் கருவிகள் அதிகமில்லை: கெபாசிட்டர் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், ஒரு மீட்டர் நீளமுள்ள நல்ல எஃகு நேர்க்கோல், சிறு இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ், பேரிங்கைக் கழற்றும் புல்லர். காந்த அடியுடன் கூடிய டயல் கேஜைப் பழகிய லேத் பட்டறையில் ஒரு நாளுக்குக் கேட்டு வாங்கலாம்.

அறிகுறி 1: சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது, சுழலவில்லை

உறுமல் கேட்ட இரண்டு நொடிக்குள் அணைத்துவிட வேண்டும். சுழலாமல் நிற்கும் மோட்டார் இயல்பைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். காயில் எரிவதற்கு அதிக நேரம் தேவையில்லை. மின்சாரம் இருக்கும்போது கட்டர் பிளாக்கையோ பெல்ட்டையோ கையால் தள்ளிவிட்டு ஓடவைக்கும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. விரல் போகும் வழி அது.

முதலில், மின்சாரம் இல்லாத நிலையில், பெல்ட்டைப் பிடித்து இழுத்து பிளாக் தடையின்றிச் சுழல்கிறதா என்று பாருங்கள். மழைக்காலத்தில் சில வாரம் ஓடாமல் கிடந்த இயந்திரத்தில் ஈரத்தூள் இறுகி, பிளாக்குக்கும் மேசை உதட்டுக்கும் நடுவே அடைத்துக்கொள்வது சாதாரணம். பிளாக் சுழன்றால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். மோட்டார் தனியாக ஓடினால் குறை இயந்திரத்தின் பக்கம் இருக்கிறது. அறிகுறி 3-க்குச் செல்லுங்கள்.

சிங்கிள் ஃபேஸ் மோட்டாராக இருந்தால்: கெபாசிட்டரைக் கழற்றி அளக்க வேண்டும். அதற்கு முன் அதில் தேங்கிய மின்னூட்டத்தை வடிக்க, ஹோல்டரில் பொருத்திய குண்டு பல்பின் இரண்டு வயர்களை அதன் முனைகளில் சில நொடி தொடுங்கள். திருப்புளியால் தீப்பொறி பறக்க இணைப்பது கெபாசிட்டருக்கும் கண்ணுக்கும் நல்லதல்ல. மேலே அச்சிட்ட மைக்ரோஃபாரட் அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தாலோ, உடல் உப்பியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான். அது சரியாக இருந்தால், மோட்டாரின் பின்மூடிக்குள் இருக்கும் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்சின் தொடுமுனைகளில் மரத்தூள் புகுந்திருக்கும். ஊதித் துடைத்து, கரிந்த முனையை மெல்லிய எமரித் தாளால் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகும்.

த்ரீ ஃபேஸ் மோட்டாராக இருந்தால்: மூன்று ஃபேஸில் ஒன்று வரவில்லை என்பதே முதல் சந்தேகம். இந்த அளவை மின்சாரம் இருக்கும்போது எடுக்க வேண்டியிருப்பதால், பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரின் உள்வரும் முனைகளில் ஆர்-ஒய், ஒய்-பி, பி-ஆர் என மூன்று இணைகளையும் அளந்து பாருங்கள். மூன்றும் 415 வோல்ட்டை ஒட்டி ஒன்றுபோல இருக்க வேண்டும். உள்ளே சரியாக வந்து வெளியே ஒன்று குறைந்தால் ஸ்டார்ட்டரின் கான்டாக்ட் தேய்ந்திருக்கிறது. உள்ளேயே குறைந்தால் ஃபியூஸ், மெயின் சுவிட்ச், அதற்கும் அப்பால் மின்கம்பம் என வரிசையாகப் போக வேண்டும். கம்பத்தில் ஏற வேண்டியவர் மின்வாரிய ஊழியர்; நீங்களோ உங்கள் எலக்ட்ரீஷியனோ அல்ல.

இவை எல்லாம் சரியாக இருந்தும் உறுமினால் காயிலைச் சோதிக்க வேண்டும். இங்கிருந்து காயில் கட்டுபவரிடம் கொடுப்பதே முறை. அவர் 500 வோல்ட் மெகரால் (மின்காப்பை அளக்கும் மீட்டர்) காயிலுக்கும் உடலுக்கும் இடையே அளந்து, 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஈரமா, எரிவா என்று பிரித்துச் சொல்வார். ஈரம் என்றால் காயவைத்து வார்னிஷ் அடித்தால் போதும்.

காயில் கட்டுவதா, புது மோட்டாரா என்பது தனிக் கேள்வி. முதல் முறை எரிந்த மோட்டாரை, ஸ்டேட்டர் தகடுகள் நிறம் மாறாமல் இருந்தால், தயங்காமல் கட்டலாம். பழைய காயிலைப் பிரிப்பதற்காக நெருப்பில் போட்டு எரித்த மோட்டாரும், மூன்றாம் முறை கட்டப்படும் மோட்டாரும் அதிகம் சூடாகும்; அதிக மின்சாரமும் இழுக்கும். அப்போது புதிது வாங்குவது மலிவு. வாங்கும் முன் பழைய மோட்டாரின் ஷாஃப்ட் விட்டம், அடித்துளைகளின் இடைவெளி, தரையிலிருந்து ஷாஃப்ட் மையத்தின் உயரம் ஆகிய மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். 3 எச்.பி., அதாவது 2.2 கிலோவாட், 2880 சுற்று மோட்டார் இன்று 90எல் என்ற அளவில் 24 மி.மீ. ஷாஃப்டுடன் வருகிறது, பழைய மோட்டார்கள் இதைவிடப் பெரிய உடலோடு இருப்பதால் பழைய புல்லி பொருந்தாமல் போகலாம். எது எப்படியிருந்தாலும், மோட்டார் எரிந்தது இயந்திரத்தை மாற்றுவதற்கான காரணம் ஆகாது.

அறிகுறி 2: வெறுமனே ஓடுகிறது; மரம் கொடுத்தால் திணறுகிறது அல்லது ஸ்டார்ட்டரின் ரிலே விழுந்து நின்றுவிடுகிறது

எளிதானதிலிருந்து தொடங்குங்கள். பிளேடு மழுங்கியிருந்தால் மோட்டார்தான் முதலில் முனகும். தேக்கு மரத்தில் சிலிக்கா இருப்பதால் அது பிளேடு முனையை விரைவில் தின்றுவிடும். காரைக்குடிப் பக்கம் இடித்த வீடுகளிலிருந்து வரும் உத்திரங்களை இழைப்பவர்களுக்கு ஆணி வேறு சேர்ந்துகொள்ளும். பிளேடைச் சாணை பிடித்துப் பாருங்கள். 12 அங்குலப் பலகையில் ஒரே முறையில் 3 மி.மீ. எடுக்க முயல்வதும் இதே அறிகுறியைக் காட்டும். அது பழுது அல்ல, பேராசை.

அடுத்தது பெல்ட். இரண்டு புல்லிகளுக்கும் நடுவே 500 மி.மீ. தூரம் இருந்தால், நடுவில் விரலால் அழுத்தும்போது 8 மி.மீ. அளவுக்குத் தாழ வேண்டும். பெல்ட் புல்லிப் பள்ளத்தின் விளிம்புக்குக் கீழே இறங்கி, பள்ளத்தின் அடி பளபளவென்று தேய்ந்திருந்தால், எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் வழுக்கும். ஏனென்றால் வி-பெல்ட் பக்கவாட்டுப் பிடிப்பில் இழுக்கிறதே தவிர அடியில் அல்ல. அப்போது புல்லியையும் சேர்த்து மாற்ற வேண்டும். இரட்டைப் பெல்ட் ஓடும் இயந்திரத்தில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். புதியதே முழுச் சுமையையும் தாங்கிக்கொண்டு சீக்கிரம் அறுந்துவிடும்.

மூன்றாவது, வரும் மின்சாரம். சிங்கிள் ஃபேஸ் இயந்திரம் மரத்தை இழைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மோட்டார் முனையில் 200 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் வயர் மெலிந்தது என்று பொருள். 2 எச்.பி. மோட்டாருக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு வயரும், தூரம் 30 மீட்டரைத் தாண்டினால் 4 சதுர மி.மீ. வயரும் இழுங்கள். கடைசியாகக் கிளாம்ப் மீட்டரால் மின்னோட்டத்தைப் பாருங்கள். 3 எச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ 5 ஆம்பியரும், 2 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஏறத்தாழ 11 ஆம்பியரும் எடுக்கும். பெல்ட் இல்லாமலேயே இந்த அளவை நெருங்கினால் மோட்டார் கெட்டிருக்கிறது. பெல்ட் இல்லாமல் குறைவாகவும், பெல்ட் மாட்டி மரமில்லாமல் ஓட்டும்போது அதிகமாகவும் இருந்தால் பேரிங் இறுகியிருக்கிறது.

அறிகுறி 3: அதிர்வு, இரைச்சல், சூடு

கூட்டு இயந்திரத்தில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காதால் மட்டும் சொல்வது கடினம். ஆகவே கழித்துக் கழித்துப் பார்க்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். அதிர்வு தொடர்ந்தால் மோட்டார் பேரிங்கோ, மோட்டார் புல்லியோ, தளர்ந்த அடிப் போல்ட்டோ காரணம். அதிர்வு நின்றுவிட்டால் ரம்பத்தைக் கழற்றிவிட்டுப் பெல்ட்டை மாட்டி மீண்டும் ஓட்டுங்கள். இப்போது அமைதியாக ஓடினால் ரம்பமோ அதை ஷாஃப்டில் இறுக்கிப் பிடிக்கும் ஃபிளாஞ்சோ குற்றவாளி. அதிர்ந்தால் கட்டர் பிளாக் பக்கம் வாருங்கள். ஒரே நிலையில் பல மாதம் நின்ற இயந்திரத்தின் பெல்ட்டில் வளைவு பதிந்து, அதுவே அதிர்வாகத் தெரிவதுண்டு. அதை ஐந்து நிமிடம் ஓட்டினால் தெளிந்துவிடும்.

பிளாக் பக்கம் என்றால், மின்சாரத்தைத் துண்டித்து, பெல்ட்டையும் கழற்றி, பிளாக்கை மெதுவாகக் கையால் சுற்றுங்கள். மணல் அரைபடுவது போன்ற உணர்வு இருந்தால் பேரிங் போய்விட்டது. சுற்றும்போது உணர்வு இல்லாவிட்டாலும், பிளாக்கின் அடியில் ஒரு மரத்துண்டைக் கொடுத்து மேலே நெம்பி, டயல் கேஜில் 0.05 மி.மீ.க்கு மேல் அசைவு தெரிந்தால் மாற்றுவதே நல்லது. அரை மணி நேரம் ஓடிய பின் பேரிங் ஹவுசிங் மேல் ஐந்து நொடி கை வைக்க முடியாத சூடும் அதே பொருள்தான்.

பேரிங்கை வாங்கும்போது பழையதன் எண்ணை எடுத்துச் செல்லுங்கள். 6205 என்றால் உள் விட்டம் 25, வெளி விட்டம் 52, அகலம் 15 மி.மீ.; 6206 என்றால் 30, 62, 16. உள் விட்டம் ஒன்றாக இருப்பதால் 6305 பொருந்தும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள், அதன் வெளி விட்டம் 62. மரத்தூள் இருக்கும் இடத்துக்கு இருபுறமும் ரப்பர் மூடியுள்ளதே ஏற்றது. இரண்டு பக்கமும் ஒன்றாக மாற்றுங்கள்.

பழுதா, மாற்றா என்ற கேள்விக்கு இங்கே ஒரு உறுதியான சோதனை கிடைக்கிறது. புதிய பேரிங் ஷாஃப்டில் கையால் தள்ளியே இறங்கிவிடக் கூடாது; சூடாக்கியோ, உள் வளையத்தில் குழாய் வைத்துத் தட்டியோ ஏற்ற வேண்டியிருந்தால் ஷாஃப்ட் நலமாக இருக்கிறது. விரலால் தள்ளினால் வழுக்கிப் போய் உட்கார்ந்தால், பழைய பேரிங் இறுகி நின்ற நாள்களில் ஷாஃப்ட் அதற்குள் சுழன்று தேய்ந்திருக்கிறது.

தேய்ந்த ஷாஃப்டுக்கு மூன்று வைத்தியங்கள் சொல்வார்கள். முதலாவது, சென்டர் பஞ்சால் சுற்றிலும் புள்ளி அடித்து ஏற்றுவது. புள்ளிகளின் முகடுகள் சில வாரங்களில் நசுங்கி, பேரிங் மையம் விலகி ஓடும். இதைச் செய்வதாகச் சொல்பவரிடம் இயந்திரத்தைக் கொடுக்க வேண்டாம். இரண்டாவது, பேரிங் பிடிப்புப் பசை. இடைவெளி 0.1 மி.மீ.க்குள் இருந்தால் இது நன்றாகவே நிற்கும். எண்ணெய்ப் பசையை முழுவதும் துடைத்து, சொன்ன நேரம் உலரவிட வேண்டும். மூன்றாவது, உலோகத்தை ஏற்றி லேத்தில் கடைந்து கிரைண்ட் செய்வது. மெதுவாகச் சுழலும் ஷாஃப்டுக்கு இது சிறந்த வழி. ஆனால் 2880 சுற்று மோட்டாரில் 5 அங்குலப் புல்லியும் பிளாக்கில் 3 அங்குலப் புல்லியும் இருந்தால் பிளாக் நிமிடத்துக்கு 4800 முறை சுற்றுகிறது. வெல்டிங் சூட்டில் ஷாஃப்ட் வளையலாம், விளிம்பில் விரிசல் விழலாம், எடை சமநிலை மாறலாம். பேலன்ஸ் செய்து தரும் வசதி உள்ள பட்டறையில் மட்டும் இதைச் செய்யுங்கள். அத்தகைய பட்டறை எட்டும் தூரத்தில் இல்லையென்றால் புதிய பிளாக்கை ஷாஃப்டோடு சேர்த்து வாங்குவதுதான் ஒழுங்கான வழி. அதன் விலையையும் பொருத்தும் கூலியையும் கேட்டறிந்த பிறகு, கடைசியில் சொல்லும் கணக்குக்குப் போங்கள்.

ஹவுசிங் தேய்ந்து பேரிங்கின் வெளி வளையம் அதில் சுழன்றால் அவ்வளவு கவலை வேண்டாம். ஹவுசிங்கைப் பெரிதாகக் குடைந்து புஷ் போட்டுத் தருவது எந்த நல்ல லேத் பட்டறைக்கும் தெரிந்த வேலை.

அறிகுறி 4: இழைத்த பலகை நேராக இல்லை

பழைய இயந்திரங்களைப் பலர் கைவிடுவது இந்த அறிகுறியால்தான். அவற்றில் பெரும்பாலானவை அரை நாள் வேலையில் திருத்தக்கூடியவை. மரம் கொடுக்கும் பக்கத்தை முன்மேசை என்றும், இழைத்த மரம் வெளியேறும் பக்கத்தைப் பின்மேசை என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

பலகையின் கடைசி ஓரிரு அங்குலத்தில் மட்டும் பள்ளம் விழுந்தால், பின்மேசை பிளேடு முனையைவிடத் தாழ்ந்திருக்கிறது. மரம் பின்மேசையின் உதட்டில் முட்டி நின்றாலோ, போகப் போகக் குறைவாக இழைத்தாலோ அது உயர்ந்திருக்கிறது. சரிபார்க்க, மின்சாரத்தைத் துண்டித்து, பின்மேசையின் மேல் நேரான மர அளவுகோல் ஒன்றை பிளாக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, மேசை விளிம்புக்கு நேராக அதில் பென்சில் கோடு போடுங்கள். பெல்ட்டைப் பிடித்து பிளாக்கை மெதுவாகச் சுற்றினால் பிளேடு முனை அளவுகோலைத் தொட்டு முன்னே இழுத்துச் செல்லும். 3 மி.மீ. அளவுக்கு நகர்த்தினால் சரியான உயரம். நகராவிட்டால் மேசை உயரம், 5 மி.மீ.யைத் தாண்டினால் தாழ்வு.

இதையே மேசையின் இடது, வலது ஓரங்களில், ஒவ்வொரு பிளேடுக்கும் தனித்தனியாகச் செய்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிளேடு மட்டும் இடது ஓரத்தில் 4 மி.மீ., வலது ஓரத்தில் 1 மி.மீ. என்று காட்டினால் அந்தப் பிளேடு கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. கழற்றி மாட்டினால் முடிந்தது. எல்லாப் பிளேடுகளும் ஒரே பக்கத்தில் ஒரே அளவு வேறுபாட்டைக் காட்டினால் குற்றம் பிளேடில் இல்லை. மேசை சாய்ந்திருக்கிறது, அல்லது பேரிங் ஹவுசிங் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. காசில்லாத வேலையையும் செலவுள்ள வேலையையும் பிரித்துக் காட்டும் சோதனை இது.

அடுத்து நீளவாக்கு. ஒரு மீட்டர் அளவுள்ள இரண்டு சட்டங்களின் ஓரத்தை இழைத்து, இழைத்த ஓரங்களை ஒன்றோடு ஒன்று பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் மேசைகளின் வெளிமுனைகள் தொங்கியிருக்கின்றன. இரு முனைகளிலும் தெரிந்தால் வெளிமுனைகள் தூக்கியிருக்கின்றன. மேசை ஏறி இறங்கும் சரிவுத் தடம் தேய்வதால் தொங்குவதே பழைய இயந்திரங்களில் வழக்கமாக நடப்பது. முதலில் தடத்தின் பக்கப் பட்டையை இறுக்கும் திருகுகளை ஒவ்வொன்றாக, மேசை இன்னும் ஏறி இறங்கும் அளவுக்கு, இறுக்கிப் பாருங்கள். பல இயந்திரங்களில் இந்தத் திருகுகளை வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். போதவில்லையென்றால் தடத்தின் கீழ்முனையில் 0.1 அல்லது 0.2 மி.மீ. பித்தளைத் தகடு கொடுத்து வெளிமுனையை உயர்த்தலாம்.

திருகும் தகடும் தீர்க்காத நிலையில்தான் மேசையின் பரப்பையே அளக்க வேண்டும். நேர்க்கோலை நீளவாக்கிலும் இரண்டு குறுக்கு மூலைகளிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். கதவு, சன்னல் வேலைக்கு 0.2 மி.மீ. வரை பள்ளம் இருந்தால் நான் ஏற்றுக்கொள்வேன். பலகை ஒட்டி மேசை செய்பவர் 0.1-க்கு மேல் ஏற்க முடியாது. அதைத் தாண்டினால் மேசையைக் கழற்றி மெஷினிங்குக்கு அனுப்ப வேண்டும். கோயம்புத்தூர் போல வார்ப்பு ஆலைகளும் பெரிய கிரைண்டிங் இயந்திரங்களும் உள்ள ஊர் அருகே இருந்தால் இது நியாயமான செலவு. மேசையை லாரியில் ஏற்றித் தொலைதூரம் அனுப்பித் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தால் போக்குவரத்தும் வேலை நின்ற நாள்களும் சேர்ந்து கணக்கை மாற்றிவிடும். மேசை குழிந்திருப்பதைவிட முறுக்கிக்கொண்டிருப்பது மோசம், ஏனென்றால் பெரும்பாலும் அதன் காரணம் உடலில் இருக்கும். சமமில்லாத தரையில் நான்கு கால்களையும் போல்ட் போட்டு இறுக்கியிருந்தால் உடலே முறுகும். மெஷினிங்குக்கு அனுப்பும் முன் அடிப் போல்ட்டுகளைத் தளர்த்தி, கால்களுக்குத் தகடு கொடுத்து, ஒரு நாள் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள்.

அறிகுறி 5: பரப்பில் கோடு, அலை, பிசிறு

நீளவாக்கில் ஒரே இடத்தில் மயிரிழை போன்ற மேடு தொடர்ந்து வந்தால் பிளேடில் பல் விழுந்திருக்கிறது. சாணைக்கு நேரமில்லாதபோது, ஒரு பிளேடை மட்டும் ஒரு மி.மீ. பக்கவாட்டில் நகர்த்தி மாட்டினால் மற்றது அந்த மேட்டை எடுத்துவிடும்.

குறுக்கே அலை அலையாக வந்தால் அலைகளை எண்ணிப் பாருங்கள். 4800 சுற்றில் மூன்று பிளேடும் வெட்டும்போது, நிமிடத்துக்கு 6 மீட்டர் வேகத்தில் மரம் போனால் ஒரு வெட்டுக்கு 0.4 மி.மீ.தான் வரும், கண்ணுக்கு அது அலையாகத் தெரியாது. ஒரு பிளேடு மட்டும் உயர்ந்து அதுவே வெட்டினால் அலை 1.25 மி.மீ. ஆகிவிடும், அதாவது 100 மி.மீ. நீளத்தில் 80 அலைகள். பரப்பின் மேல் சுண்ணக்கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் முகடுகள் வெள்ளையாகத் தெரிந்து எண்ண எளிதாக இருக்கும். கையால் மரம் தள்ளும்போது வேகம் ஒரே சீராக இருக்காது என்பதால் எண்ணிக்கை இந்த அளவை ஒட்டி இருந்தால் போதும். பிளேடுகளை ஒரே உயரத்தில் மாட்டிய பிறகும் அலை நீங்காவிட்டால் பிளாக் மையம் விலகி ஓடுகிறது. அறிகுறி 3-க்குத் திரும்புங்கள்.

அறிகுறி 6: தடிமன் பக்கம் மரத்தை இழுக்கவில்லை

பிசின் படிந்த உருளையை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, கீழ் மேசையில் மெழுகு தேயுங்கள். பத்தில் எட்டு முறை இதோடு முடியும். இல்லையென்றால் உருளையின் ஸ்பிரிங் அழுத்தம், செயின், கடைசியாகப் பல்சக்கரம் என்று பாருங்கள். பல்சக்கரம் கடையில் கிடைக்காத மாடலாக இருந்தாலும் பழையதைக் காட்டினால் வெட்டித் தருவார்கள். இழுவைக் கோளாறுக்காக இயந்திரத்தை மாற்ற நினைப்பது வீண்.

அறிகுறி 7: ரம்பம் மரத்தைக் கருக்குகிறது

ரம்பத்தின் ஒரு பல்லில் அடையாளம் இட்டு, அதை முன்பக்கம் கொண்டுவந்து கைடு (மரத்தை ஒட்டித் தள்ளும் பக்கத் தடுப்பு) வரை உள்ள தூரத்தை அளந்து, பிறகு அதே பல்லைப் பின்பக்கம் சுற்றி மீண்டும் அளங்கள். பின்னால் தூரம் குறைந்தால் மரம் நெருக்கப்பட்டுக் கருகும். ரம்பம் மரத்தை உங்கள் பக்கமே திருப்பித் தள்ளிவிடவும் கூடும். இரண்டும் சமமாகவோ, பின்பக்கம் ஒரு மயிரிழை கூடுதலாகவோ இருக்கும்படி கைடைத் திருத்துங்கள். ரம்பத்துக்குப் பின்னே மரம் மூடிக்கொள்ளாமல் பிரித்து நிறுத்தும் கத்தி இல்லாத இயந்திரமாக இருந்தால், வேறு எந்த வேலைக்கும் முன்பு அதைச் செய்து பொருத்துங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய நிலைகள்

பின்வரும் மூன்றில் எது இருந்தாலும் சோதனையைத் தொடராமல் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும்.

பிளேடை ஆப்போடு இறுக்கும் போல்ட்டின் மரை பிளாக்கில் தேய்ந்திருந்தால் அந்த பிளாக் அத்தோடு முடிந்தது. மரையைப் பெரிதாக்கிப் புதிய போல்ட் போட்டுத் தருகிறேன் என்பவர் அந்த இயந்திரத்தின் முன்னால் நிற்கப் போவதில்லை. சாணை பிடித்துப் பிடித்து ஆப்பு கவ்வ இடமில்லாத அளவுக்குக் குறுகிய பிளேடுக்கும் இதே விதி.

சதுர வடிவ பிளாக் உள்ள பழைய இயந்திரம் கையால் மரம் தள்ளும் வேலைக்கு ஏற்றதல்ல. சதுரத்தின் தட்டையான பக்கம் மேலே வரும்போது மேசைக்கும் பிளாக்குக்கும் இடையே விரல் முழுதும் இறங்கும் இடைவெளி உண்டாகிறது. உருளை வடிவ பிளாக்கில் அந்தப் பள்ளம் இருக்காது. அதே ஹவுசிங்கில் பொருந்தும் உருளை பிளாக் கிடைத்தால் மாற்றுங்கள், கிடைக்காவிட்டால் இயந்திரத்தையே மாற்றுங்கள். இதில் செலவுக் கணக்கு பார்க்க வேண்டியதில்லை.

வார்ப்பிரும்பில் விரிசல் இருந்தால் அது எங்கே என்பதே கேள்வி. கைடு தாங்கியிலோ, கைப்பிடிச் சக்கரத்திலோ, மேசையின் வெளி ஓரத்திலோ என்றால் நிக்கல் ராடு கொண்டு, முன்சூடு கொடுத்து, மெதுவாக ஆறவிட்டு வெல்டு செய்யலாம். பேரிங் ஹவுசிங்கிலோ, சரிவுத் தடத்திலோ, உடலின் முக்கியச் சுவரிலோ என்றால் வெல்டிங் அந்த இடத்தைக் கோணலாக்கும், பக்கத்தில் புதிய விரிசலையும் தொடங்கிவைக்கும். சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சுண்ணப் பொடி தூவினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் கறுத்த கோடாக வெளிப்படும். சந்தேகம் இருந்தால் வார்ப்பிரும்பு வெல்டிங்கில் பழகியவரிடம் காட்டாமல் ஓட்ட வேண்டாம்.

கணக்கு

எல்லாச் சோதனைகளும் முடிந்தபின் செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியலிட்டு, பொருளும் கூலியும் போக்குவரத்தும் சேர்த்துக் கூட்டுங்கள். அதைப் புதிய இயந்திரத்தின் விலையோடு ஒப்பிடுவது வழக்கம். அது தவறான ஒப்பீடு. இதே அளவும் எடையும் உள்ள, மேலே சொன்ன சோதனைகளில் தேறிய பழைய இயந்திரம் ஒன்று இன்று என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதோடுதான் ஒப்பிட வேண்டும். பழுதுச் செலவு அதில் பாதிக்குள் இருந்தால் பழுது பாருங்கள். பாதியைத் தாண்டி, செலவின் பெரும்பகுதி பிளாக்குக்கும் மேசைக்கும் போவதாக இருந்தால் மாற்றுங்கள். பாதியைத் தாண்டினாலும் பெரும்பகுதி மோட்டாருக்கும் ஸ்டார்ட்டருக்கும் போவதாக இருந்தால் நான் பழுது பார்ப்பதையே தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் அவற்றை நாளை வேறு இயந்திரத்துக்குக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.

புதிய இயந்திரம்தான் வேண்டும் என்றால் எடையைக் கேளுங்கள். அதே 12 அங்குலம் என்று சொல்லி, தகட்டை மடித்து வெல்டு செய்த உடலோடு விற்கப்படுபவை பாதி எடைகூட இருப்பதில்லை. 4800 சுற்றின் அதிர்வை உறிஞ்ச அவற்றில் வார்ப்பிரும்பு இல்லை. பழைய இயந்திரம் வாங்குபவர்கள் விற்பவரிடம் மூன்று வேலைகளைத் தங்கள் முன்னால் செய்யச் சொல்லுங்கள்: பெல்ட்டைக் கழற்றுவது, பிளேடு போல்ட் ஒன்றைக் கழற்றி மரையைக் காட்டுவது, மேசையில் நேர்க்கோல் வைப்பது. புதிதாகப் பெயின்ட் அடித்த வார்ப்பை, குறிப்பாக ஹவுசிங் பக்கம், சந்தேகத்தோடு பாருங்கள்.

வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் மட்டுமே இயந்திரம் ஓடும் சிறு பட்டறைகளுக்கு மூன்றாவது வழியும் இருக்கிறது. அறுவை மில்லிலோ கூலிக்கு இழைத்துத் தரும் பட்டறையிலோ ஓர் ஆண்டுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். மின்சாரம், சாணை, இடம் எல்லாம் சேர்த்தபின் பழுது பார்ப்பதும் வாங்குவதும் இரண்டுமே தேவையில்லை என்று சிலருக்குத் தெரியவரும்.

மாற்றுவதென்று முடிவானால், பழையதை எடைக்குப் போடும் முன் மோட்டார், ஸ்டார்ட்டர், புல்லி, நல்ல நிலையில் உள்ள கைடு ஆகியவற்றைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக அவற்றுக்கு இரும்பு விலையைவிட அதிகம் கிடைக்கும். மரை தேய்ந்த அல்லது ஷாஃப்ட் தேய்ந்த பிளாக்கை மட்டும் முழுதாக விற்காமல் கட்டிங் வீலால் இரண்டாக வெட்டிப் போடுங்கள், இல்லையென்றால் அது பெயின்ட் அடித்துக்கொண்டு வேறொரு பட்டறையின் இயந்திரத்தில் ஏறிவிடும்.